அணுக்கருப் பிளவு

அணுவுக்குக் கிரேக்கர் இட்ட பெயரின் பொருள் 'பகுக்க முடியாதது' என்பதாகும். அப்பெயர் பொருந்தாது என்பதை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிஞர் உணர்ந்துவிட்டனர். எனினும், கனத்த அணுவொன்றின் கரு இரண்டு பெருந்துண்டுகளாகப் பிளவுபடும் என அவர்களுட் பெரும்பாலோர் எண்ணவில்லை.

1938 டிசெம்பரில், பேர்லின் நகரில் ஒட்டோ ஹான், பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்னும் இரசாயனவியலார் யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கி ஆராய்ந்தனர். எதிர்பாராத வகையில் அங்கே பேரியம் தோன்றியது. திகைப்புற்ற ஹான், லீஸ் மைட்னர் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். பல்லாண்டு அவருடன் ஆராய்ந்த அவ்வம்மையார், யூத குலத்திற் பிறந்தமையால், அவ்வாண்டு நடுப்பகுதியில் ஜேர்மனியை விட்டு வெளியேறிச் சுவீடனில் அடைக்கலம் புகுந்திருந்தார்.

அம்மையாரும் அவர் சகோதரியின் மகன் ஒட்டோ பிரிஷும் பனி படர்ந்த வழியில் நடந்தவாறே இப்புதிரை ஆராய்ந்தனர். கருவை ஒரு நீர்த்துளியாகக் கொண்டால் விடை கிடைத்தது. யுரேனியக் கருவில் 92 புரோத்தன்கள் உள்ளன. நேரேற்றமுடைய அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. கருவிசையோ அவற்றைப் பிணித்து வைத்திருக்கின்றது. நியூத்திரன் ஒன்று உட்புகுந்ததும் துளி அதிர்ந்து நீண்டு, இடை சிறுத்து, இரண்டாகின்றது. 56 புரோத்தன்களுடன் பேரியம் ஒரு பாதியாயின், 36 புரோத்தன்களுடன் கிரிப்தன் மறு பாதியாகும். இரண்டுஞ் சேர்ந்தால் 92, கணக்குச் சரியாயிற்று.

பிளவுண்ட துண்டுகள் ஒன்றையொன்று பெருவிசையுடன் தள்ளி விரைகின்றன. அவ்வேகமே வெப்பமாகின்றது. இச்சக்தி எங்கிருந்து வந்தது? பிளவின் பின் உள்ள பொருள்களின் மொத்தத் திணிவு, முன்னிருந்ததிலும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. ஐன்ஸ்டைன் 1905இல் காட்டியவாறு, குறைந்த திணிவே சக்தியாக வெளிப்படுகின்றது.

ஒவ்வொரு பிளவிலும் இரண்டு மூன்று புதிய நியூத்திரன்களும் வெளிவருகின்றன. அவை வேறு கருக்களைப் பிளக்கும்; அவற்றினின்று மேலும் நியூத்திரன்கள் பிறக்கும். இதுவே சங்கிலித் தாக்கம். 1942 டிசெம்பர் 2ஆம் நாள், சிக்காகோவில் என்றிக்கோ பெர்மி என்பவர், நியூத்திரன்களை விழுங்கும் கட்மியத்தைக் கொண்டு இதனைக் கட்டுப்படுத்தி நடத்திக் காட்டினார். இன்றைய அணுமின் நிலையங்களில் நீரைக் கொதிக்க வைப்பதும் இவ்வாறு அடக்கப்பட்ட தாக்கமேயாகும்.

அடக்கின்றி விடப்பட்ட தாக்கம் யாது செய்யும் என்பதை 1945 ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா கண்டது. அந்நகரை எரித்த சக்தியாக மாறிய திணிவு ஒரு கிராமிலும் குறைவே.

1944ஆம் ஆண்டுக்கான இரசாயன நொபெல் பரிசு ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. குண்டு ஆக்கும் பணிக்கு அழைக்கப்பட்டும் மறுத்த மைட்னர் அம்மையார் 1968இற் காலமானார். 109ஆம் மூலகம் 1997ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் மைட்னேரியம் என வழங்குகின்றது. அடுப்பில் எரிவதும் கூரையில் எரிவதும் ஒரே நெருப்பாதல் போல, மின்விளக்கை ஏற்றுவதும் நகரை அழிப்பதும் ஒரே பிளவுதான். எதற்கு அதனைப் பயன்படுத்துவது என்பதைக் கரு தீர்மானிப்பதில்லை, மனிதரே தீர்மானிக்கின்றனர்.