சுவரில் ஒரு உலகம்

பள்ளிக்கூட வகுப்பறைச் சுவரில் உலகப் படம் தொங்குமே, நினைவிருக்கிறதா? அதில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடப் பதினாலு மடங்கு பெரியது. ஆமாம், பதினாலு மடங்கு!

படம் ஏன் இப்படி? ஒரு கமலா ஆரஞ்சை உரித்து, தோலை மேசைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள். கிழியும், இல்லையென்றால் இழுக்க வேண்டும். உருண்டையைத் தாளில் பரப்பினாலும் அதே கதைதான். அந்தச் சுவர்ப் படம், 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் வரைந்த முறை. மாலுமிகளுக்குத் திசை தவறக் கூடாது, அதற்காகவே வரைந்தார். கப்பலுக்கு அருமையான படம். வகுப்பறைக்கு அது எப்படித்தான் வந்ததோ!

அந்தப் படத்தில் சிறிதாகத் தெரியும் ஆப்பிரிக்காவுக்குள் இந்தியா, சீனா, அமெரிக்கா மூன்றையும் வைக்கலாம். அப்புறமும் இடம் மிஞ்சும். அங்கே ஐம்பத்து நாலு நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள். அதையெல்லாம் 'ஆப்பிரிக்கப் பண்பாடு' என்று ஒரே பாடத்தில் முடித்துவிடுகிறோம். எகிப்து வீட்டுச் சாப்பாடும் எத்தியோப்பிய வீட்டுச் சாப்பாடும் ஒன்றா என்ன?

2017இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகள், பரப்பளவைச் சரியாகக் காட்டும் பீட்டர்ஸ் படத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தன. அதில் நாடுகளின் உருவம் கொஞ்சம் நீண்டுபோயிருக்கும். எந்தத் தட்டைப் படமும் முழுச் சரியில்லை. அதனால் பழைய படத்தையும் கழற்றவில்லை. இரண்டையும் பார்த்து, எது ஏன் மாறியது என்று பிள்ளைகளே கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.