கேட்கும் பெட்டி



"கேட்டல்" என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. செவியால் கேட்பதும் கேட்டல். வாயால் வினவுவதும் கேட்டல். திருவள்ளுவர் "கேள்வி" என்று ஓர் அதிகாரமே வகுத்தார். வானொலி நம் வீட்டிற்கு வந்த நாள்தொட்டு, பெட்டி பேசும். நாம் கேட்போம் என்பதே வழக்கமாக இருந்தது. இன்றோ, நாம் பேச, அதனைக் கேட்டு விடையளிக்கும் பெட்டி வந்துவிட்டது. ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்று கடைகளில் வழங்கும் அதனை, உயர்ந்த விலை கொடுத்து வாங்குமுன் எவ்வாறு மதிப்பிடுவது? இதுவே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

இக்கருவியின் வரலாறு குறுகியது. அமேசான் நிறுவனம் 2014-இல் எக்கோ என்னும் பெட்டியை அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. அதன் தலையில் ஏழு மைக்குகள் இருந்தன. 2017-இல் அது இந்தியாவிற்கு வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2018-இல் ஹோம்பாட் என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2023-இல் அதன் இரண்டாம் பதிப்பு இந்தியாவில் 32,900 ரூபாய் விலையில் வெளிவந்தது.

இவை இயங்கும் முறையையும் அறிந்துகொள்வோம். பெட்டிக்கு ஓர் அழைப்புச் சொல் உண்டு. அச்சொல் காதில் விழும்வரை பெட்டி காத்திருக்கும். விழுந்தபின், நாம் பேசுவது பெரும்பாலும் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணினிகளுக்குச் செல்லும். அங்கே சொற்கள் பிரித்தறியப்பட்டு, விடை திரும்பி வரும். இவ்வளவும் ஓரிரு நொடிகளில் நிகழ்ந்துவிடும்.

இத்தகைய பெட்டியொன்றை அண்மையில் சோமனூரில் என் அத்தை வீட்டில் மூன்று நாட்கள் சோதித்துப் பார்த்தேன். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் சோமனூர். விசைத்தறிக்குப் பேர்பெற்றது. அத்தை வீட்டுச் சுவருக்கு அப்பால் தறிக்குடோன். மாமா மறைந்தபின் தாய்க்குப் பேச்சுத்துணை ஆகட்டும் என்று, வெளியூரில் பணிபுரியும் மகன் அப்பெட்டியை வாங்கி அனுப்பியிருந்தார். எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது இங்கு வேண்டா. நாம் அறிய வேண்டுவது சோதிக்கும் முறையே.

முதற்சோதனை ஒலி. நீங்கள் பலமுறை கேட்டுப் பழகிய ஒரு பாட்டையே முதலில் ஒலிக்கச் செய்யுங்கள். நாகசுரம் உச்சிக்குச் செல்லும்போது கீறுகிறதா? மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவாக நிற்கிறதா, வெறும் அதிர்வாகக் குழம்புகிறதா? பிறகு ஒலியைக் குறைத்து, ஒரு பேச்சைக் கேளுங்கள். தாழ்ந்த ஒலியிலும் சொற்கள் தெளிவாக இருந்தால் அதுவே நற்பெட்டி. மூலையில் வைத்தால் கீழ்த்தொனி மிகுந்து ஒலி கனத்துவிடும். ஆகவே சுவரினின்று சற்றுத் தள்ளி வையுங்கள். அத்தை வீட்டுப் பெட்டி இச்சோதனையில் முதல் வகுப்பில் தேறியது. ஐயமில்லை.

இரண்டாம் சோதனை செவி. அத்தை பெட்டியின் முன் வந்து நின்று, பேத்தியிடம் பேசுவது போல, "அம்மிணி, ஒரு பழைய பாட்டுப் போடு கண்ணு" என்றார். பெட்டி வாய் திறக்கவில்லை. அதன் அழைப்புச் சொல் அம்மிணி அன்று. அது அறிந்த மொழி ஆங்கிலம் ஒன்றே. பள்ளியில் படிக்கும் பேரன் ஆங்கிலத்தில் ஆணையிட்டான், உடனே பாடிற்று. அத்தை சிரித்துக்கொண்டே, "எனக்குத்தான் பேசத் தெரியலையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

நண்பர்களே, எழுபது ஆண்டுகளுக்கு மேல் இனிய தமிழ் பேசிய வாய் அது! கேளாத குறை பெட்டியினுடையது. ஆயினும், பேசியவர் அதனைத் தம் குறையாக ஏற்றுக்கொண்டார். அந்தச் சிரிப்பு என்னை மிகவும் வருத்தியது.

மறுநாள் காலை தறிகள் ஓடத் தொடங்கின. நாடா இங்குமங்கும் பாயும் ஓசை சுவரைத் தாண்டி வந்தது. பேரனின் ஆங்கிலமும் அப்போது பயன்படவில்லை. இரண்டு முழத் தொலைவில் நின்று உரக்கப் பேசினால் கேட்டது. அடுப்படியிலிருந்து அழைத்தால் கேட்கவில்லை. அமைதியான கடையில் சோதித்துப் பெறும் முடிவு தறியூருக்குப் பொருந்தாது. எந்த வீட்டில் இருக்கப் போகிறதோ, அந்த வீட்டின் இரைச்சலில், அந்த வீட்டாரின் பேச்சில் சோதிப்பதே முறை.

மூன்றாம் சோதனை நம்பகம். வானொலிப் பெட்டிக்கு நாம் யார் என்று தெரியாது. இப்பெட்டிக்கோ நம் குரல் தெரியும். இந்நிறுவனங்கள் சிலவற்றில், பதிவான குரல்களில் ஒரு பகுதியைப் பணியாளர் கேட்டு ஆராய்ந்தனர் என்பது 2019-இல் வெளியாயிற்று. ஆப்பிள் நிறுவனம் மன்னிப்புக் கோரித் தன் முறையை மாற்றிக்கொண்டது. குழந்தைகளின் குரற்பதிவுகளை நீக்காமல் வைத்திருந்தது என்னும் வழக்கில், அமேசான் 2023-இல் அமெரிக்காவில் 2.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது. ஆகவே, மைக்கை அடைக்கும் வழி உண்டா, பழைய பதிவுகளை அழிக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டறியுங்கள்.

நான்காவது, நிலைபேறு. இணையம் நின்றால் இப்பெட்டியின் அறிவும் பெரும்பாலும் நின்றுவிடும். நிறுவனம் தன் சேவையை நிறுத்தினாலும் அதே நிலைதான். ஹார்மன் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இன்வோக் என்னும் பெட்டி, மைக்ரோசாப்டின் கோர்டானா சேவையை நம்பி இருந்தது. 2021-இல் அச்சேவை விலக்கப்பட்டதும், அது புளூடூத் வழியே பாடும் வெறும் ஒலிபெருக்கி ஆயிற்று.

இந்நான்கையும் கூட்டிப் பார்த்து, மகனுக்கு என் முடிவை எழுதினேன்: "பாடுவதில் பெட்டி உயர்ந்தது, உன் தாய்க்குச் செவிசாய்ப்பதில் தோற்றது. அவர் கைக்குப் பழகிய திருகு குமிழ் உள்ள வானொலி ஒன்றை வாங்கிக் கொடு. துணை வேண்டுமாயின், நாள்தோறும் மாலையில் நீயே பேசு." 1966 முதல் ஒலிபரப்பி வரும் கோவை வானொலியின் குரல் இப்போது மீண்டும் அத்தை வீட்டு அலமாரியிலிருந்து ஒலிக்கிறது. விலையுயர்ந்த பெட்டி மகனிடமே திரும்பிச் சென்றது.

அப்படியானால் இக்கருவி நமக்கு வேண்டாததா? அவ்வாறு கூறேன். கண்பார்வை இழந்தோருக்கும், கையசைக்க இயலாதோருக்கும் குரலால் இயங்கும் கருவி பெருந்துணை. நம் பேச்சை அது கற்கவேண்டும் என்பதே என் கருத்து. கற்பிப்போர் இன்றிக் கருவி எதையும் கல்லாது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழுவினர் இந்திய மொழிகளின் குரல்களைத் திரட்டிக் கணினிக்குக் கற்பிக்கும் பணியைச் செய்கின்றனர். இந்திய அரசு 2022-இல் பாஷினி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழும் இடம்பெற்றுள்ளது. அங்கே விருப்பமுள்ள எவரும் தம் குரலை அளிக்கலாம்.

மாணவர்களே, ஏட்டுத்தமிழ் மட்டும் அங்கே சேர்ந்தால் போதாது. உங்கள் குரலும், பாட்டிமாரின் இசைவு பெற்று அவர்தம் குரலும் சேரட்டும். கொங்குநாட்டின் "ஏனுங்க"வும் "அம்மிணி"யும் சேரட்டும். விலையையும் அழகையும் பிறகு பார்ப்போம். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் தம் இயல்பான பேச்சில் அழைக்கும்போது பெட்டி விடையளிக்கிறதா? அதனை முதற்கேள்வியாகக் கொள்ளுங்கள்.