பிடித்தால் விடாத பென் ஆஸ்க்ரன்

கைபேசியில் பென் ஆஸ்க்ரன் என்று தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது ஐந்து வினாடிக் காட்சிதான். 2019 ஜூலை 6, அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரம். நடுவர் கையசைத்ததும் ஹோர்ஹே மாஸ்விடால் ஓடிவருகிறார், எகிறுகிறார், முழங்காலால் இடிக்கிறார். அவருடைய காலைப் பிடிக்கக் குனிந்த ஆஸ்க்ரனின் தலையில் விழுகிறது அந்த இடி. ஆள் விறைத்துச் சாய்கிறார். யூஎஃப்சி என்ற எம்எம்ஏ நிறுவனத்தின் போட்டிகளில் அதுவரை இவ்வளவு சீக்கிரம் யாரும் நாக்அவுட் ஆனதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சாயங்காலம் கபடி பழக வரும் பையன்கள் எல்லோரும் இதைப் பார்த்துவிட்டார்கள். "அந்த அஞ்சு செகண்ட் ஆளுதானே சார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த ஐந்து வினாடிக்கு முன்னால் பத்து வருடம் அவர் தோற்றதே இல்லை. 19 வெற்றி. எதிராளியின் கண்ணில் தெரியாமல் விரல் பட்டதால் செல்லாமல் போன போட்டி ஒன்று. அவ்வளவுதான் கணக்கு. குத்துச்சண்டை, உதை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு எல்லாம் சேர்ந்த எம்எம்ஏ விளையாட்டில் இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தவருக்குக் குத்தவும் சரியாக வராது, உதைக்கவும் சரியாக வராது. பிடிப்பார். பிடித்தால் விடமாட்டார். கபடிக்காரன் பேசுகிற இந்த உரையில் அந்தப் பிடிக்குத்தான் அதிக நேரம் போகப்போகிறது; நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிடிக் கதையில் நம்மவர் ஒருவரும் வருகிறார். கோலாலம்பூரில் செந்தூல் என்று ஒரு பகுதி. ரயில்வே பணிமனையை நம்பித் தமிழர்கள் குடியேறிய இடம். அந்த ஊர்ப் பையன் அகிலன் தானி, 1995இல் பிறந்தவர். பதின்ம வயதில் உடம்பு 150 கிலோவைத் தொட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேலி, கிண்டல். எடையைக் குறைக்க வேண்டுமென்றுதான் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். போனவர் திரும்பவில்லை, போட்டியாளராகிவிட்டார். வரிசையாக ஏழு போட்டிகளில் ஜெயித்து, 21 வயதில் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனத்தின் உலகப் பட்டத்துக்கு மோத வந்து நின்றார். எதிரே பட்டத்தை வைத்திருந்தவர் ஆஸ்க்ரன். இடம் சிங்கப்பூர், தேதி 2017 மே 26. எடைப்பிரிவு 83.9 கிலோ. 150 எங்கே, 83.9 எங்கே என்று யோசித்துப் பாருங்கள்.

எடை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கத்து ஊர்களில் ‘65 கிலோ கபடிப் போட்டி’ என்று சுவரொட்டி ஒட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி போட்டிக்கு முதல்நாள் ஒரு பையன் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே துப்பிக்கொண்டிருந்தான். தண்ணீரும் குடிக்கவில்லை. அரைக் கிலோ கூடுதலாம். அவனைப் பிடித்து உட்காரவைத்து, செம்பில் தண்ணீர் கொடுத்து, "போட்டி போனா போகட்டும், குடிடா" என்று அதட்ட வேண்டியிருந்தது. இது வெறும் கண்டிப்பு இல்லை. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங், இதே ஒன் சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றுக்காக எடையைக் குறைக்கப்போய் மணிலாவில் உயிரையே விட்டார். அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனம், உடம்பில் நீர்ச்சத்து வற்றாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. கபடி நடத்தும் ஊர்க்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். அகிலனும் தரையில் சளைத்தவர் இல்லை. ஆனால் ஆஸ்க்ரன் அவரைக் கீழே கொண்டுபோய்ப் போட்ட பிறகு நடந்ததை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலே ஏறி உட்கார்ந்தவர் குத்துவதில் அவசரம் காட்டவில்லை. அகிலனின் ஒரு கையை அவருடைய கழுத்தோடு சேர்த்தே தன் கைக்குள் வளைத்துக்கொண்டார். கழுத்தின் ஒரு பக்கம் அகிலனின் தோள் அழுத்துகிறது, மறுபக்கம் ஆஸ்க்ரனின் புஜம். தலையைத் தலையோடு ஒட்டவைத்து இறுக்குகிறார். மூச்சுக்குழாயை நெரிக்கிற வேலை இல்லை இது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்தின் இரு பக்கமும் இருக்கின்றன. அவை இரண்டும் ஒருசேர அழுந்துகின்றன. பிடி சரியாக விழுந்துவிட்டால் சில வினாடியில் கண் இருட்டும். அதற்குள் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிட வேண்டும். அகிலன் தட்டினார். மொத்தம் 2 நிமிடம் 20 வினாடி.

அதோடு அந்தப் பையன் ஒடுங்கிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூன் 15, ஷாங்காய். ஜப்பானில் ஜூடோவிலும் எம்எம்ஏவிலும் பெரிய பெயரான யோஷிஹிரோ அகியாமாவை மூன்று சுற்று மோதி, நடுவர் தீர்ப்பில் ஜெயித்தார் அகிலன்.

ஆஸ்க்ரன் இப்படிப் பிடிக்க எங்கே கற்றார்? விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்தவர். மிசூரி பல்கலைக்கழகத்துக்காக மல்யுத்தம் செய்து 2006, 2007 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரி அளவில் தேசியப் பட்டம் வாங்கினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 74 கிலோ பிரிவில் இறங்கி, ஹங்கேரிக்காரரை மல்லாத்தினார், கியூபாக்காரரிடம் தோற்றார். பட்டப்பெயர் ‘ஃபங்கி’. அவர் மல்யுத்தம் செய்த விதத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எதிராளி இவர் காலைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் காலை உதறிப் பின்னால் தாவுவார்கள். இவர் காலைக் கொடுத்துவிடுவார். அப்படியே எதிராளியின் அடியில் நுழைந்து, தூரத்துக் கணுக்காலைத் தேடிப் பிடித்து, சேர்ந்து உருண்டு, எழும்போது தான் மேலே இருப்பார். பிடித்தவனுக்கு யார் யாரைப் பிடித்தார் என்றே புரியாது.

இந்தக் கணுக்கால் பிடியைக் கபடியில் காட்டலாம். ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைக்கும்போது அவருடைய பின்கால் தரையை விட்டு எழும்ப வேண்டும். அந்த ஒரு கணத்தில் முழு உடம்பும் ஒற்றைக் காலில் நிற்கிறது. ஓரத்தில் நிற்கும் கார்னர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். பையன்களிடம் தினமும் சொல்வது இதுதான்: முகத்தைப் பார்க்காதே, முகம் பொய் சொல்லும், காலைப் பார். பாய்ந்ததும் இரண்டு கையையும் கணுக்காலுக்குப் பின்னால் பூட்டி, உன் பக்கமாக இழு. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் இதில் கைதேர்ந்தவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் இந்தப் பிடியோடு புரோ கபடியில் ஆடினார். 2016இல் அவர் தலைமையில்தான் பாட்னா அணி கோப்பை வாங்கியது.

இதிலே ஓர் ஆபத்தும் இருக்கிறது. கணுக்காலுக்குப் பாயும்போது தலை முழங்காலுக்கு நேரே போய்விடக் கூடாது. வெளிப்பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரைடர் உதறும் முழங்கால் நெற்றிப்பொட்டில் விழும். மண் தரையில் அப்படி இடிபட்டு, மூக்கில் ரத்தத்தோடு எழுந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. லாஸ் வேகஸில் நடந்ததும் இதேதான். ஆஸ்க்ரன் குனிவார் என்பது உலகத்துக்கே தெரியும். எங்கே குனிவார், தலை எங்கே வரும் என்று மாஸ்விடால் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார். காலைப் பிடிக்கிறவன் எவனுக்கும் வரக்கூடிய கணக்குதான். இவருக்கு அது பத்து வருடம் கழித்து வந்தது.

ரசிகர்கள் கூச்சல் போட்டதையும் சொல்ல வேண்டும். கீழே போட்டு அமுக்கியே வைத்திருக்கிறார், பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று சத்தம் போடுவார்கள். பெல்லட்டார் நிறுவனத்தில் 2010 முதல் அவர் சாம்பியன். 2013இல் தோற்காமலே அனுப்பிவைக்கப்பட்டார். யூஎஃப்சியும் அப்போது சேர்த்துக்கொள்ளவில்லை. ஆசியாவுக்கு வந்து ஒன் சாம்பியன்ஷிப்பில் பட்டம் வாங்கினார். கடைசியில் 2018இல் யூஎஃப்சி தன்னுடைய முன்னாள் சாம்பியன் டெமெட்ரியஸ் ஜான்சனை ஒன் சாம்பியன்ஷிப்புக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆஸ்க்ரனை வாங்கிக்கொண்டது. எம்எம்ஏவில் அதற்கு முன் கேள்விப்படாத பண்டமாற்று! சலிப்பான ஆள் என்று ஒதுக்கியவர்களே வந்து கேட்டார்கள். ஆனால் அதற்குள் வயது 34, இடுப்பு தேய்ந்திருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். மாஸ்விடாலுக்குப் பிறகு 2019 அக்டோபரில் அதே சிங்கப்பூரில் டெமியன் மாயாவிடம் தோல்வி. அடுத்த மாதமே, இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்று ஓய்வு. மறு வருடம் அறுவை சிகிச்சை. 2021 ஏப்ரலில் யூடியூப் பிரபலம் ஜேக் பாலோடு குத்துச்சண்டை, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. குத்தத் தெரியாது என்று முன்னமே சொன்னேனே! 2025இல் கடுமையான நிமோனியா வந்து, இரண்டு நுரையீரலையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் நான்கு முறை இதயம் நின்று திரும்பியதாக அவரே பின்னர் சொன்னார்.

விஸ்கான்சினில் தம்பி மேக்ஸோடு சேர்ந்து அவர் நடத்தும் மல்யுத்தப் பள்ளியில் நிறையப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் நல்லபடியாகத் தேறி, அந்தப் பிள்ளைகளின் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, அடியில் நுழைந்து உருளும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நம் டவுன்ஷிப் மைதானத்துக்கும் ஒரு மல்யுத்த மெத்தை வர வேண்டும். அதுவரை பையன்கள் மண்ணிலேயே உருளட்டும், தலையை மட்டும் வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு.