நேர்த்திக்கடன் யாருடையது?

(தலைப்பு: அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளின் டாக்டர் கனவு – பிள்ளைகளின் ஆசையா? பெற்றோரின் ஆசையா? இடம்: ஓஹையோ. ‘பெற்றோரின் ஆசையே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி என் பாதி வேலையைக் குறைத்துவிட்ட என் அணித் தலைவர் அவர்களே! எனக்குப் பின்னால் பேசி மீதி வேலையைக் கெடுக்கப் போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பட்டுப்புடவைக்கு மேலே ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேலே கோட்டு என்று இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

நடுவர்: ஒரு நிமிஷம் சார். மொட்டை போட்டுட்டு மேடைக்கு வந்திருக்கீங்களே, திருப்பதியிலிருந்து நேரா வர்றீங்களா?

திருப்பதி இல்லீங்க ஐயா, பிட்ஸ்பர்க். இந்த மொட்டைக்கு ஒரு கதை இருக்கு. கடைசியில சொல்றேன். அதுவரைக்கும் மணி அடிச்சிடாதீங்க. (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில் பேசிய அம்மா சொன்னாங்க. “என் பையன் மூணு வயசிலேயே ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டான். அது அவனோட ஆசை” என்று. அம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பொம்மை ஸ்டெதஸ்கோப்பைக் கடையில வாங்கிட்டு வந்து அவன் கைக்கு எட்டுற இடத்துல வச்சது யாரு? (கைதட்டல்) அதே பையன் குப்பை லாரி வந்தா ஜன்னல்ல தொங்கிக்கிட்டுக் கை ஆட்டியிருப்பானே! அந்த ஃபோட்டோவை ஏன் ஊருக்கு அனுப்பலை? (பலத்த சிரிப்பு)

இந்த நிகழ்ச்சியைத் தமிழ்நாட்டிலே உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்களுக்காக ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் பிளஸ் டூ முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை நேராக எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. முதலில் நான்கு வருஷம் ஒரு பட்டப்படிப்பு. அதற்குப் பிறகுதான் மெடிக்கல் காலேஜ். அது இன்னொரு நான்கு வருஷம். அதற்கும் பிறகு ஆஸ்பத்திரியிலே ரெசிடென்சி என்று மூன்று முதல் ஏழு வருஷம்.

அந்த முதல் நான்கு வருஷத்துக்குத்தான் ‘ப்ரீ-மெட்’ என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு பட்டமே இல்லை. பிள்ளை சரித்திரம் படிக்கலாம், சங்கீதம் படிக்கலாம், பொருளாதாரம் படிக்கலாம். கூடவே உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் என்று மெடிக்கல் காலேஜ் கேட்கிற பாடங்களை லேபோடு முடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ என்ற வார்த்தைக்குள்ளேதான் ஐயா அத்தனை தூக்கமும் போகிறது!

அப்புறம் ‘எம்காட்’ பரீட்சை. நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 118லிருந்து 132 வரை மார்க். மொத்தம் 472லிருந்து 528. என் அம்மா ஊரிலிருந்து ஃபோனில் கேட்டாங்க: “ஒண்ணுமே எழுதலைன்னாலும் 472 குடுப்பானாடா? ரொம்ப நல்ல ஊரா இருக்கே!” (பலத்த சிரிப்பு) இடைவேளையையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம். நம்ம ஊரில் ஏழரை வருஷம் பிடிப்பதை இங்கே ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

அந்த நாலு பகுதியில் ஒன்று, கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்வது. அதற்கு அறிவியலே வேண்டாம். இன்னொன்று, 2015இல் புதிதாகச் சேர்த்தது. உளவியல், சமூகவியல். ஏன் சேர்த்தான்? நோயைத் தெரிந்தால் மட்டும் போதாது, நோயாளி எந்த வீட்டிலிருந்து வருகிறார், என்ன கவலையோடு வருகிறார் என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்பதால் சேர்த்தான்.

இதோடு விடுகிறார்களா? “ஏன் டாக்டராக ஆசைப்படுகிறாய்?” என்று 5,300 எழுத்துக்குள்ளே ஒரு கட்டுரை. புரபசர்களிடமிருந்து கடிதம். டாக்டர் பின்னாலேயே நிழல் மாதிரி நடந்து பார்த்த அனுபவம். நோயாளிகளுக்குச் சேவை செய்த அனுபவம். கடைசியில் நேர்முகம். வருஷத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் எம்.டி. காலேஜ்களுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். சேருகிறவர்கள் சுமார் 23,000 பேர். பாதிப் பேருக்கு மேல் ‘இடம் இல்லை’ என்ற பதிலோடு நிற்கிறார்கள்.

நடுவர் அவர்களே! இத்தனையும் எதற்கு? 1893இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் காலேஜ் ஆரம்பித்தபோதே ‘பட்டம் வாங்கிவிட்டு வா’ என்றார்கள். 1910இல் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் நாடு முழுக்க மெடிக்கல் காலேஜ்களைப் பார்த்து, ‘கண்டவனையும் சேர்க்காதே, கல்லூரியில் படித்தவனைச் சேர்’ என்று அறிக்கை கொடுத்தார். அதன் பலன் என்ன தெரியுமா? ‘நீ ஏன் டாக்டராகணும்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ள ஒரு பிள்ளைக்கு நாலு வருஷம் கிடைக்கிறது. இந்த நாடு கேள்வியைக் கேட்டுவிட்டு நாலு வருஷம் காத்திருக்கிறது. நாம என்ன பண்றோம்? பிள்ளை வாயைத் திறக்கும் முன்னே நாம பதில் சொல்லிடறோம்! (கைதட்டல்)

யாரையோ குறை சொல்லவில்லை ஐயா. என்னையே சொல்கிறேன்.

என் அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். முப்பது வருஷம் மிக்ஸ்சர் கலக்கி, பாட்டிலில் அளவுக் காகிதம் ஒட்டிக் கொடுத்தவர். அவருக்கு ஒரே ஆசை. டாக்டர் நாற்காலியில் நான் உட்காரணும். 1989இல் நுழைவுத் தேர்வு எழுதினேன். ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில் சீட் போச்சு. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். அந்த முதுகை நான் இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

இன்ஜினியரிங் படித்தேன். இந்த நாட்டுக்கு வந்தேன். மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு ஃபோன் போட்டால் அப்பா கேட்கிறார்: “டாக்டரம்மா வந்துட்டாங்களா?” குழந்தை பிறந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகலை சார்! (சிரிப்பு) நானும் என்ன சொன்னேன்? “வந்துட்டாங்கப்பா!”

பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி கோயிலில் வேண்டிக்கொண்டேன். ‘பெருமாளே, என் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் முடி காணிக்கை தருகிறேன்.’ சீட் வருவதற்கு முன்னாலேயே பெருமாள் பாதி முடியை அட்வான்ஸா எடுத்துக்கிட்டார். (பலத்த சிரிப்பு) மகள் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போதே அவளுடைய 5,300 எழுத்துக் கட்டுரையை நான் எழுதி வைத்துவிட்டேன். முதல் வரி என்ன தெரியுமா? ‘சிறு வயதிலிருந்தே எனக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை.’ யாருக்குச் சிறு வயதிலிருந்து? எனக்கு! அருப்புக்கோட்டையில்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

இரண்டாம் வருஷம் வந்தது கரிம வேதியியல். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. இங்கே இருக்கிற பெற்றோருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். எத்தனையோ ப்ரீ-மெட் பிள்ளைகள் பாதையை விட்டு இறங்குவது அந்தப் பாடத்தில்தான். ஃபோனில் கேட்டால், “நல்லாப் போகுதுப்பா” என்பாள். டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். ராத்திரி ரெண்டு மணி. சமையல்கட்டில் லைட் எரிகிறது. போய்ப் பார்த்தேன். என் மகள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். லேப்டாப்பில் கிரேடு திறந்திருக்கிறது. ‘சி’.

எனக்கு மகள் தெரியவில்லை நடுவர் அவர்களே. அந்த எழுத்து மட்டும்தான் தெரிந்தது. “மெடிக்கல் காலேஜ்ல சேர்றவங்க சராசரி 3.8 கிட்டே வச்சிருக்காங்க. இப்ப என்ன பண்ணப் போறே?” என்று கத்தினேன். அவள் அழவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

“அப்பா, நீங்க சாமிகிட்ட சொல்லிட்டீங்க. தாத்தாகிட்ட சொல்லிட்டீங்க. கோயில்ல பார்க்கிற ஆன்ட்டி எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. என்கிட்ட மட்டும் கேட்கவே இல்லைப்பா.”

(அரங்கில் அமைதி)

நான் கேட்டேன். இருபது வருஷம் கழித்து, ராத்திரி ரெண்டு மணிக்கு, முதல் தடவையாக் கேட்டேன். “உனக்கு டாக்டராக ஆசை இருக்காம்மா?” அவள் சொன்ன பதில், “தெரியலை.” நான் வாயைத் திறக்கப் போனேன். பின்னால் வந்து நின்ற என் மனைவி என் தோளில் கை வைத்தாள். “தெரியலைன்னு சொல்றதுக்கு அவளுக்கு உரிமை இருக்குங்க. அவ தேடட்டும்” என்றாள்.

அடுத்த வருஷக் கோடை விடுமுறை. நான் என்றால் பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் பிடித்துக் கொடுத்திருப்பேன். அவள் தானாகவே போய் நர்சிங் அசிஸ்டன்ட் பயிற்சி எடுத்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வயசானவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது. என் பொண்ணு வீட்டிலே தட்டைக் கழுவினதில்லை சார்! ஒரு நாள் ராத்திரி ஃபோன். “அப்பா, நான் பார்த்துக்கிட்ட பாட்டி இறந்துட்டாங்க. அவங்க பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி தலை சீவி விட்டேன். பயமா இல்லைப்பா. அங்கேயே இருக்கணும்னு தோணிச்சு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. எந்தக் கோச்சிங் சென்டரில் ஐயா இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? (நீண்ட கைதட்டல்)

எதிரணித் தலைவர் கேட்பார்: “பார்த்தீர்களா, ஆசை பிள்ளையிடமே இருந்ததே!” இல்லை ஐயா. என் ஆசை அந்த ‘சி’யோடு செத்துப்போச்சு. அது போன பிறகுதான், அவளுடையது ஏதோ ஒன்று முளைக்க இடம் கிடைத்தது. அது டாக்டர் ஆசையா, நர்ஸ் ஆசையா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. போன மே மாதம் பட்டம் வாங்கினாள். இப்போது ஒரு வருஷம் அதே இல்லத்தில் வேலை. எம்காட் எழுதுவாளா? நான் கேட்கவில்லை. இங்கே மெடிக்கல் காலேஜ் சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படி ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ இடைவெளி விட்டுத்தான் சேருகிறார்கள். ஒரு ‘சி’ வாங்கினவர்கள் அடுத்தடுத்து நன்றாகப் படித்துக் காட்டிச் சேர்ந்திருக்கிறார்கள். அது நாம நினைக்கிற மாதிரி உலக முடிவு இல்லை.

பெற்றோர்களுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, மெடிக்கல் சீட் கிடைக்காவிட்டாலும் எதை வைத்துச் சந்தோஷமாகப் பிழைக்க முடியுமோ அந்தப் பாடத்தைப் பிள்ளை பட்டத்துக்கு எடுக்கட்டும். இரண்டு, மார்க்கைப் பற்றிப் பிள்ளை பொய் சொன்னால், நம்மிடம் உண்மை சொல்ல அவர்களுக்குப் பயம் என்று அர்த்தம். அந்தப் பயத்தை முதலில் எடுங்கள். மூன்று, கடன் வாங்கிப் படித்து வெளியே வருகிற டாக்டர்களுக்கு இங்கே கடன் நடுமட்டமாகவே சுமார் ரெண்டு லட்சம் டாலர். அந்தச் சுமையைச் சுமக்கப் போவது அவர்கள் தோள். அதற்குள் போகலாமா என்று முடிவு செய்ய வேண்டியதும் அவர்கள் வாய்.

நடுவர்: மொட்டைக் கதையைச் சொல்லலையே சார்!

சொல்லிடறேன் ஐயா. போன வாரம் பிட்ஸ்பர்க் போனேன். பெருமாள் முன்னால் நின்றேன். “சாமி, இந்த வேண்டுதல் என் மகளுடையது இல்லை. என்னுடையது. என் அப்பாவுடையது. அவ தலையில ஏத்தி வச்ச பாரத்தை நான் இறக்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு முடியைக் கொடுத்தேன். இது சீட் கிடைத்ததற்குப் போட்ட மொட்டை இல்லை ஐயா. மகளிடம் கேட்ட மன்னிப்பு. (அரங்கம் எழுந்து கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, இந்த டாக்டர் கனவு பெற்றோரின் ஆசையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். அது எனக்கு எதிரான தீர்ப்புதான். தலை வணங்கி ஏற்றுக்கொள்கிறேன். மொட்டைத் தலைதான், வணங்குவதற்குச் சுலபம்! (சிரிப்பு, கைதட்டல்)