அங்கே பதினொன்று, இங்கே பத்து

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் கடன் மனுக்களைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். மாடு, தையல் மிஷின், மருத்துவச் செலவு என்று வழக்கமான மனுக்கள். ஒன்றில் மட்டும் 'மகளின் சான்றிதழுக்கு முத்திரை வாங்க' என்று இருந்தது. அது என்ன முத்திரை என்று அந்த உறுப்பினரையே கூப்பிட்டுக் கேட்டோம்.

அவர் குடும்பம் துபாயில் இருந்தது. மகள் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் 'இயர் லெவன்' முடித்தவள். வீட்டுக்காரருக்கு வேலை போய், எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள். பதினொன்று முடித்தாச்சு, நேரே பிளஸ் டூ என்று பள்ளிக்கூடம் போனால், "பிளஸ் ஒன்தான் தரமுடியும்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் வீணாப்போச்சே என்று அந்த அம்மா அழுதார்.

விசாரித்ததில், வருஷம் எதுவும் வீணாகவில்லை. அந்த முறையில் ஐந்து வயதிலேயே இயர் ஒன் தொடங்கிவிடும். அதனால் இயர் லெவனில் எழுதும் ஐ.ஜி.சி.எஸ்.இ. நம்ம பத்தாவதுக்குச் சமம். இயர் தர்ட்டீனில் முடிக்கும் ஏ லெவல்தான் பிளஸ் டூ. மலேசியாவின் எஸ்.பி.எம். பதினோரு வருஷப் படிப்பு. அதை மட்டும் வைத்து இங்கே காலேஜில் சேர முடியாது. அங்கேயே சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்தால் இந்தக் குழப்பமே இல்லை, அது நம்ம நாட்டு போர்டு.

அந்தப் பிள்ளைக்கு உண்மையான சிக்கல் காகிதத்தில்தான். மாற்றுச் சான்றிதழில் அந்நாட்டுக் கல்வித்துறை, வெளியுறவு அமைச்சகம், அப்புறம் இந்தியத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேணும். அங்கே இருக்கும்போது வாங்கியிருந்தால் சில நாள் அலைச்சலோடு போயிருக்கும். இப்போ ஏஜெண்டுக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டியிருக்கு. விமான டிக்கெட் போடும் அவசரத்தில் யாருக்கு இது தோணும்? அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரலை.

ஏ லெவல் மாதிரி வெளிநாட்டுப் படிப்பை முடித்துவிட்டுக் காலேஜுக்கு வருகிறவர்களிடம் சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நெடுங்காலமாக இதைக் கொடுத்து வந்தது. 2025-ல் யு.ஜி.சி.யும் இதற்கென்று தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது. குறைந்தது 12 வருஷப் பள்ளிப் படிப்பு இருக்கணும் என்று அதில் இருக்கு. ஆகவே எந்தச் சான்றிதழ் வேணும் என்று சேரப்போகும் காலேஜிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கோங்க. வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

அந்த மனுவுக்கு உள்கடன் கொடுத்துவிட்டோம், பத்துத் தவணை. பிள்ளை பிளஸ் ஒன் போகிறாள், சான்றிதழ் வந்ததும் தருவதாகப் பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு ரிப்போர்ட் கார்டு ஜெராக்ஸ் ஒன்று கொண்டு வாங்க, எது எதுக்குச் சமம் என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.