வெள்ளைச் சீட்டை மறக்காதீர்கள்!

(எலவனாசூர்கோட்டையில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சாயத்துத் தேர்தல் என்றதும் ஊரில் என்ன பேச்சு நடக்கிறது? டீக்கடையில், களத்துமேட்டில், கரும்பு ஏற்றும் லாரிக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். “தலைவருக்கு யார் நிற்கிறார்?” வார்டு மெம்பருக்கு யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. “அது கிடக்கட்டும், யாராவது நிற்கட்டும்” என்று விட்டுவிடுகிறோம். இந்த அலட்சியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் 2021 அக்டோபர் 6-லும் 9-லும் இரண்டு கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. அப்போது ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு கொடுத்தார்கள். மஞ்சள் சீட்டு ஜில்லா பஞ்சாயத்துக்கு. பச்சைச் சீட்டு ஒன்றியத்துக்கு. இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சித் தலைவருக்கு. வெள்ளைச் சீட்டு வார்டு மெம்பருக்கு. மஞ்சளுக்கும் பச்சைக்கும் கட்சிக்காரர்கள் கொடி கட்டி வந்தார்கள். இளஞ்சிவப்புக்குப் பணக்காரர்கள் பணத்தை இறைத்தார்கள். வெள்ளைச் சீட்டுக்கு மட்டும் சத்தமே இல்லை. சத்தமில்லாத இடத்தில்தான், தோழர்களே, நம்மை ஏமாற்றுகிறார்கள்.

எப்படி என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை அப்படியல்ல. ஜெயித்த வார்டு மெம்பர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவர் என்றால் தலைவர் ஊரில் இல்லாதபோது நாற்காலியில் உட்காருபவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். செக் புத்தகம் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் இரண்டு பேர் ஒப்புதல் என்ற ஏற்பாடு போகவில்லை. மோட்டார் பழுது பார்த்த கூலி, தெருவிளக்குப் பல்பு, குடிநீர்க் குழாய், துப்புரவுத் தொழிலாளியின் சம்பளம், எல்லாவற்றுக்கும் இரண்டாவது கையெழுத்து வேண்டும்.

ஒன்பது வார்டு உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாம் பாடுபட்டு ஒரு கூலிக்காரத் தாயை ஜெயிக்க வைக்கிறோம். மாலை போடுகிறோம், பட்டாசு வெடிக்கிறோம். ஒன்பது வார்டில் ஆறு வார்டு மெம்பர்கள் யாருடைய ஆட்கள்? நிலக்காரர் வீட்டு மருமகன், கான்ட்ராக்டர் தம்பி, வட்டிக்கடைக்காரர் மச்சான். இந்த ஆறு பேர் கூடித் தங்கள் ஆளைத் துணைத் தலைவர் ஆக்குகிறார்கள். அந்தப் பதவிக்கு இட ஒதுக்கீடு கிடையாது. அடுத்த மாதம் அந்தத் தாய் தெருக்குழாய் போட மசோதா கொண்டு போகிறார். துணைத் தலைவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். முதலில் காரணம் சொல்லமாட்டார். பிறகு ஆள் மூலம் சேதி வரும்: “எங்கள் கான்ட்ராக்டருக்கு வேலை கொடு, போடுகிறேன்.” காலனியில் தண்ணீர் வராது. ஜனங்கள் யாரைத் திட்டுவார்கள்? அந்தத் தாயைத்தான் திட்டுவார்கள். “நம்மாளு வந்தும் ஒன்றும் நடக்கவில்லை” என்பார்கள். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை நமக்குக் கொடுத்துவிட்டு மற்றொன்றை அவர்கள் மடியில் முடிந்துகொண்டார்கள்.

ஒதுக்கீட்டில் வந்த தலைவர்களுக்கு நாற்காலியே கிடைக்காத கொடுமையும் உண்டு. பக்கத்துக் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய செய்தி 2020-ல் நாடு முழுவதும் நாறியது. நம் ஜில்லாவிலேயே எடுத்தவாய்நத்தத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த தலைவியைப் பள்ளிக்கூடத்தில் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. 2022 ஆகஸ்டில் அதிகாரிகள் தலையிட்ட பிறகுதான் அவர் கொடியேற்றினார். சுதந்திரம் வந்து 75 வருஷம் ஆன அந்த மாதத்தில், சட்டப்படி ஜெயித்த ஒரு பெண் ஒரு கயிற்றை இழுப்பதற்குக் கலெக்டர் வர வேண்டியிருந்தது!

இரண்டு சாவியும் உழைப்பாளி கைக்கு வந்தால் என்ன ஆகும்? மதுரை ஜில்லா மேலவளவைப் பாருங்கள். 1996-ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. எத்தனையோ மிரட்டலுக்குப் பிறகு தோழர் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில், ஓடும் பஸ்ஸை நிறுத்தி, முருகேசனையும் துணைத் தலைவர் மூக்கனையும் அவர்களுடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். வெறும் நாற்காலிக்காகவா இந்தக் கொலை? ஊராட்சியில் இருக்கும் மீன்பாசிக் குத்தகை, புறம்போக்கு நிலம், மர ஏலம், இவையெல்லாம் எவர் கையில் என்பதற்காகவும்தான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் தாழ்த்தப்பட்டவரைத் தலைவராக இருக்கவே விடவில்லை. ஜெயித்தவரை அன்றே ராஜினாமா எழுதவைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அந்தக் கட்டு உடைந்தது.

இப்போது உங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போகிறேன். நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் நாட்டுக்கு. அங்கேயும் ஏழைகள் உண்டா என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். லண்டனின் கிழக்கே பாப்லார் என்று ஒரு பேட்டை. கப்பல் துறைமுகக் கூலிகள் வாழ்ந்த இடம். வேலை உள்ள நாளில் சோறு, இல்லாத நாளில் பட்டினி. 1919 நவம்பரில் அங்கே ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் வோட்டுரிமை விரிவாகியிருந்தது. அந்தத் தேர்தலில் தொழிற்கட்சி 42 இடங்களில் 39-ஐப் பிடித்தது! மேயராக ஜார்ஜ் லான்ஸ்பரி வந்தார். ஆனால் மேயரைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. 39 பேரைக் கவனியுங்கள். துறைமுகத் தொழிலாளி, ரயில்வே தொழிலாளி, சாதாரண வீட்டுப் பெண்கள். மெஜாரிட்டி முழுவதும் உழைப்பாளி கையில்.

மெஜாரிட்டி இருந்ததால் என்ன செய்தார்கள்? நகரசபைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி வாரத்துக்கு 4 பவுன் என்று நிர்ணயித்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. நூறு வருஷத்துக்கு முன்னால், தோழர்களே! நம் வயல்களில் நாற்று நடும் பெண்ணுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டும் ஆணுக்கு வேறு கூலி என்பது இன்னும் ஒழிந்தபாடில்லை.

பிறகு வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. பணக்காரப் பேட்டையில் கொஞ்சம் வரி போட்டாலே கொள்ளைப் பணம் சேரும். ஏழைப் பேட்டையில் கசக்கிப் பிழிந்தாலும் சேராது. பட்டினி கிடந்தவர்களோ ஏழைப் பேட்டையில்தான். அவர்களுக்கு நிவாரணம் கொடுக்கும் பாரமும் அந்தப் பேட்டையின் தலையில்தான். லண்டன் ஜில்லா நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் கட்ட வேண்டிய பங்கையும் இதற்குமேல் கேட்டார்கள். “அந்தப் பங்கை எங்கள் ஜனங்களிடம் வசூலிக்கமாட்டோம்” என்று 1921-ல் பாப்லார் தீர்மானம் போட்டது. கோர்ட்டு உத்தரவிட்டது. கேட்கவில்லை. 30 கவுன்சிலர்களைச் சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில். பெண்கள் ஹாலோவே சிறையில். சிறைக்குள்ளேயே நகரசபைக் கூட்டம் நடத்தினார்கள்! ஆறு வாரத்தில் சர்க்கார் இறங்கி வந்தது. பணக்காரப் பேட்டையும் நிவாரணச் செலவில் பங்கு தர வேண்டும் என்று அதே வருஷம் சட்டம் செய்ய நேர்ந்தது. சிறை சென்றவர்களில் ஒருவரான மின்னி லான்ஸ்பரி உடல்நலம் கெட்டு 1922 ஜனவரி 1 அன்று இறந்தார். அவருக்கு வயது 32.

ஒரு லான்ஸ்பரி மட்டும் மேயராக இருந்து, 39 இடமும் முதலாளிகளிடம் இருந்திருந்தால்? முதல் கூட்டத்திலேயே கதை முடிந்திருக்கும்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. அன்றைய சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லா போர்டு 1954-ல் கம்யூனிஸ்டுகள் நிர்வாகத்துக்கு வந்தது, பி.டி. பாஸ்கரப் பணிக்கர் தலைவரானார். 1996-ல் கேரளத்தில் நாயனார் அரசு திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

இங்கே நிலைமை என்ன? பணம் கொடுப்பது ஒருபுறம் இருக்கட்டும், தேர்தலையே நடத்தவில்லை. 1970-ல் பஞ்சாயத்துத் தேர்தல்; அடுத்தது 1986; அதற்கடுத்தது 1996. 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் ரத்தாகி, மற்ற ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் நடந்தது. புதிதாய்ப் பிரித்த ஜில்லா என்பதால் நமக்கு 2021 அக்டோபர் வரை ஆனது. முழுசாக ஐந்து வருஷம் தனி அதிகாரி ஆட்சி! கல்வராயன் மலை ஜனங்களைக் கேளுங்கள், அவர்கள் கதை இன்னும் நீளம். நாடு விடுதலையடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல், 1976 வரை, ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தார்கள்.

சிலர் மேடையில் ஏறி, “ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தல் கண்ட தமிழன்” என்று மார் தட்டுவார்கள். கல்வெட்டு உண்மை, பராந்தக சோழன் காலம், 919-லும் 921-லும் வெட்டியது. யார் நிற்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நமக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது! ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்த விதியைப் போட்டால் எத்தனை பழைய தலைவர்கள் வீட்டில் இருக்க நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, ஏலம். பண்ருட்டிப் பக்கம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாக 2019 டிசம்பரில் செய்தி வந்தது. “கோயிலுக்குத்தானே பணம், ஊருக்குத்தானே நல்லது, சண்டை சச்சரவு இல்லாமல் போகட்டும்” என்பார்கள். ஐம்பது லட்சம் கொடுத்தவன் அதை எங்கே எடுப்பான்? உங்கள் குழாயில், உங்கள் ரோட்டில், உங்கள் வேலை அட்டையில் எடுப்பான். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் பாதி வேலையாவது ஊராட்சி மூலம் நடக்க வேண்டும் என்றும், கணக்கைக் கிராம சபை தணிக்கை செய்ய வேண்டும் என்றும் இருந்தது. தணிக்கை நாளில் பேசக் கூலிக்காரர் எத்தனை பேர் போனோம்? 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே மாற்றி, செலவில் முன்பைவிடக் கூடுதல் பங்கை மாநிலங்களின் தலையில் கட்டினார்கள். இனி ஊராட்சியில் நம் ஆள் இல்லாவிட்டால் கேட்பதற்கு நாதியே இருக்காது.

ஏலத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. வோட்டை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆனால் போலீஸ் வந்து தடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஏலம் கூறும் கூட்டத்தில் நம் தெருவைச் சேர்ந்த ஒருவர் எழுந்து “எங்களுக்குச் சம்மதமில்லை, நாங்கள் மனுப் போடுகிறோம்” என்று சொன்னால், “ஏகமனதாக” என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகும்.

இனி வேலைக்கு வருகிறேன். ஒரு வார்டில் சில நூறு வோட்டுத்தான். பத்து வோட்டில், ஐந்து வோட்டில் தலையெழுத்து மாறும். நம் பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கரும்பு வெட்டப் போனவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். பணக்கார அபேட்சகர் கார் அனுப்பி அவர்களை அழைத்து வருவார். காரில் வந்தவனிடம் சின்னத்தையும் சொல்லிக் கொடுப்பார். அதற்கு முன்னால் நாம் போனில் பேசிவிட வேண்டும். ஒதுக்கீடு இல்லாத வார்டுகளிலும் நம் பெண்களை நிறுத்துங்கள். காலனிக்கு ஒரு வார்டு போதும் என்று ஒதுங்காதீர்கள். ஊர்த் தெருவிலும் நம்மைப் போலக் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சாதியைச் சொல்லி அவர்களை நம்மிடமிருந்து பிரித்துத்தான் நிலக்காரர் ஆறு வார்டைப் பிடிக்கிறார். அவர்கள் வீட்டுப் படியேறிக் கூலியைப் பற்றிப் பேசுங்கள், வீட்டுமனைப் பட்டாவைப் பற்றிப் பேசுங்கள்.

வாக்காளர் பட்டியல் வெளிவந்ததும் வார்டுக்கு இரண்டு பேர் கட்சி அலுவலகத்துக்கு வாருங்கள். ஒருவர் படிக்கத் தெரிந்தவர், ஒருவர் தெருவில் எல்லா வீட்டையும் அறிந்தவர். ஒவ்வொரு பெயராகப் படித்துச் சரிபார்ப்போம். கல்யாணமாகி வந்த பெண்களின் பெயரும், 18 வயது முடிந்த பிள்ளைகளின் பெயரும்தான் அதிகம் விடுபடுகின்றன. அவற்றை முதலில் பாருங்கள்.