மனம் வாடும்போது வரும் பசி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1958-இல் ஒரு நெடுங்கால ஆய்வு தொடங்கியது. வயது ஏற ஏற மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று கவனிப்பதுதான் அதன் வேலை. அதில் சேர்ந்த 1,988 பேரின் குணத்தையும் எடையையும் ஒப்பிட்டு, ஆராய்ச்சியாளர் ஆஞ்சலினா சூட்டினின் குழுவினர் 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

நினைத்ததை உடனே செய்துவிடும் அவசர சுபாவம் மிக அதிகமாக உள்ளவர்கள், அது மிகக் குறைவாக உள்ளவர்களைவிடச் சராசரியாகப் பதினோரு கிலோ எடை கூடியிருந்தார்கள். பதினோரு கிலோ! திட்டமிட்டு, ஒழுங்காக வாழ்கிறவர்கள் மெலிந்திருந்தார்கள். எளிதில் கவலைப்படுகிறவர்களின் எடையோ ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

இது குணத்தின் கதை. மனநிலைக்கும் எடையில் பங்குண்டு. மன அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் மனம் தேடும். தின்றால் ஆறுதல் கிடைக்கும் என்பது பலரின் நம்பிக்கை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்தார்கள். சோகமான காட்சிகளைப் பார்க்கச் செய்து, பின்பு பிடித்தமான தின்பண்டம் தந்தார்கள். வேறு உணவும் தந்தார்கள். ஒன்றுமே தராமலும் பார்த்தார்கள். எப்படியானாலும் சிறிது நேரத்தில் மனம் ஒரே அளவில்தான் தேறியது. 2014-இல் வெளியான முடிவு இது.

சுற்றியிருப்பவர்களின் கேலிக்கும் எடையில் பங்குண்டு. குண்டாக இருப்பவரைக் கேலி செய்தால் திருந்துவார் என்று நினைப்பது பெரும் தவறு. எடைக்காக அவமதிக்கப்பட்டவர்கள் நான்கே ஆண்டுகளில் உடல்பருமன் நிலையை எட்டும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று அதே சூட்டின் 2013-இல் காட்டினார். நேயர்களே, வீட்டில் யாரையும் 'குண்டு' என்று அழைக்காதீர்கள்.